கற்பூரம் அணைத்த வழக்கு

சாட்சிக் கூண்டில் ஏறி ஒருவர் சத்தியப் பிரமாணம் எடுக்கும்போது நீதிபதி அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். உதடு வறள்கிறதா, கண் யாரைத் தேடுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியுமாம். என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியில் நான் முகத்தைப் பார்க்கவில்லை. என் கண் தானாகக் கீழே போய்விடும். கூண்டுக் கம்பிகளின் இடைவெளியில், சாட்சியின் முழங்கால் பக்கம், வேட்டியையோ சேலையையோ ஒரு சின்னக் கை பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று தேடும். ஒரு தடவைகூட அப்படி இருந்ததில்லை. ஆனாலும் தேடும்.

இப்போது ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். டிவியில் மந்திரிகள் பதவிப் பிரமாணம் எடுப்பதைக் காட்டும்போதும் அதே கதைதான். "அப்படி என்ன மந்திரியோட செருப்பையே பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்று மனைவி கேலி செய்வாள். அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்துதான் கேலி செய்கிறாள், நான் அதிலேயே மூழ்கிவிடக் கூடாது என்று.

அறுபதுகளின் நடுவில் நான் தர்மபுரியில் முன்சீப்பாக இருந்தேன். சிவில் நீதிபதிகளில் முன்சீப்தான் முதல் படி. கொலையும் கொள்ளையும் மேலே இருப்பவர்களுக்குப் போகும். வரப்பும் வாய்க்காலும் கிணறும் எனக்கு வரும். அந்தச் சீமையில் மழை வந்தால் வரும், வராவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால் என்னிடம் வந்தவற்றில் பாதி கிணற்று வழக்குகள். சாட்சி தமிழில் சொல்வார், எல்லைப் பக்கத்துக்காரர் என்றால் நடுநடுவே கன்னடம் கலப்பார். அதைக் கேட்டு நான் இங்கிலீஷில் என் கைப்பட எழுத வேண்டும். சாயங்காலம் விரல்கள் மடங்காது. எனக்கு இயல்பிலேயே மூக்குக்கு மேல் கோபம். 'வள்ளுன்னு விழுவாரு' என்று வக்கீல்கள் எனக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது அந்த வழக்கு. வாதி ஒரு விதவை, இளம் வயது. பிரதிவாதி, இறந்துபோன புருஷனின் அண்ணன். அண்ணன் தம்பி இருவரும் சில வருஷங்களுக்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்து நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்திரம் கிடையாது, வெறும் வாய்ப்பேச்சு. நிலம் ஆளுக்குப் பாதி. அதில் தகராறு இல்லை. கிணறு அண்ணன் பாகத்தில் விழுந்தது. அந்தத் தண்ணீரில் தம்பிக்கும் சரிபாதி முறை உண்டு என்று அன்று பேசினார்களா இல்லையா, இதுதான் வழக்கு. தம்பி இருந்தவரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி மாடு கட்டிக் கவலையில், தோல் சாலில், தண்ணீர் இறைத்தார்கள். தம்பியைப் பாம்பு கடித்தது. காரியம் முடிந்த சில நாளில் அண்ணன், "அது நான் பாவம் பாத்து வுட்ட தண்ணி" என்று சொல்லிவிட்டார். தண்ணீர் இல்லையென்றால் அவளுடைய பாதி வெறும் கல்லுக்காடு. அவளும் மூன்று வயது மகளும் அதை வைத்துக்கொண்டு உயிர் பிழைக்க முடியாது.

அவள் பயந்த சுபாவமுள்ளவள் இல்லை. நான் ஒரு கேள்வியை அதட்டிக் கேட்டபோது, "மெதுவா கேட்டாலும் இதே பதில்தானுங்க சாமி" என்றாள். கோர்ட்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, மென்று விழுங்கினேன். வாய்தாவுக்கு வாய்தா மகளையும் கூட்டிக்கொண்டு வருவாள். அந்தக் குழந்தை வராந்தாவில் விளையாடிவிட்டு, அலுத்துப்போனால் உள்ளே வந்து பெஞ்ச் கிளார்க்கின் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளும். ஒரு நாள் எட்டிப் பார்த்து, "யார் குழந்தை இது?" என்று முறைத்தேன். அது புருவத்தைச் சுருக்கி, கீழுதட்டைத் துருத்தி, அப்படியே என்னைப் போலவே திருப்பி முறைத்தது. அதற்குப் பிறகு அது வரும் நாட்களில் நாங்கள் இருவரும் ஒருதரம் முறைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. இதை நான் வீட்டில் சொல்லி, மனைவியிடம் நடித்தும் காட்டியிருக்கிறேன்.

விசாரணை ஆரம்பித்தது. பாகம் பிரித்துவைத்த பெரியவர் சாட்சி சொல்ல வந்து வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பிரதிவாதியின் வக்கீல் எழுந்து ஒரு மெமோ கொடுத்தார். வாதி தங்கள் ஊர் அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து, தண்ணீர் சரிபாதி என்று சத்தியம் செய்தால் தன் கட்சிக்காரர் கட்டுப்படுவார், மேற்கொண்டு விசாரணை வேண்டாம் என்றது மெமோ.

இந்தக் காலத்து வக்கீல்களிடம் சொன்னால் காதில் பூச்சுற்றுகிறேன் என்பார்கள். ஆனால் அன்றைக்கு அது சட்டம். வெள்ளைக்காரன் எழுதிவைத்த பழைய சட்டத்தில் அப்படியொரு வழி இருந்தது. ஒரு கட்சி, 'எதிர்க்கட்சி இன்ன இடத்தில் இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லலாம். எதிர்க்கட்சி சம்மதித்துச் செய்துவிட்டால் அதுவே முடிந்த முடிவு. நீதிபதி அதற்கு மேல் ஒன்றும் யோசிக்க முடியாது. உண்மையா பொய்யா என்று பார்க்கும் வேலையே அவருக்கு இல்லை. அப்பீலில் அதைக் கிளறுவதும் சுலபமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இப்படி முடிந்த கிணற்று வழக்குகள் நிறைய.

அந்தச் சட்டம் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தது. சத்தியம் மூன்றாம் நபர் யாரையும் பாதிப்பதாக இருக்கக் கூடாது. பிரதிவாதி கொடுத்த மெமோவில் 'மகளின் தலையில் கை வைத்து' என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "குழந்தையை எதுக்கய்யா இழுக்கறீங்க?" என்று வக்கீலைக் கடிந்துகொண்டு அந்த வார்த்தைகளைச் சிவப்பு மையால் அடித்தேன். இரு தரப்பையும் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். பிரதிவாதி கையெழுத்துப் போட்டார். அந்த வார்த்தைகள் போனதும் பந்தயத்தில் பாதி போய்விட்டதுபோல நின்றார்.

அவளுடைய வக்கீல் தர்மபுரி முஸ்லிம் வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்தவர், வயதானவர், நிதானமானவர். அவர் எழுந்து, "எனக்கு இதுல இஷ்டம் இல்லீங்க சார். வெளிய பெரியவர் உக்காந்திருக்காரு. அவரக் கூப்பிட்டுக் கேட்டா ஆச்சு. கோர்ட்ல உண்மை சொல்றதுக்குக் கோயிலுக்கு எதுக்குப் போகணும்?" என்றார்.

அவள் குறுக்கிட்டாள். "நான் பண்றனுங்க. நெசத்துக்கு எனக்கென்ன பயம்? இங்க நூறு சாட்சி வந்து சொன்னாலும் ஊரு நம்பாது. ஆத்தா முன்னால சொன்னா நம்பும்."

வக்கீல் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். இரு தரப்பும் சம்மதம் என்று எழுதினேன்.

கிணற்றையும் பார்வையிட வேண்டியிருந்ததால் நானே போனேன். வாடகைக் காரில் இரண்டு தரப்பு வக்கீல்களும் நானும். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் மாரண்டஹள்ளி வரை மழையைப் பற்றியே பேசினோம். மழையைப் பற்றிப் பேச அந்த வருஷம் அதிகம் ஒன்றுமில்லை.

நல்ல வெயில். ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில். ஊரே நின்றது. அவள் அந்தக் கிணற்றிலேயே நீர் சேந்தித் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தூரத்தில் புளியமரத்தடியில் வைத்திருந்தாள். அது என் ஏற்பாடு. பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றி நீட்டினார். அவள் நான் எழுதிக்கொடுத்தபடியே, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். பாகம் பேசியபோது தண்ணீர் சரிபாதி என்றுதான் பேசினார்கள், அதை நான் காதால் கேட்டேன், இது சத்தியம். சொல்லிவிட்டு உள்ளங்கையை நெருப்பின் மேல் கவிழ்த்தாள்.

அதே நேரத்தில் குழந்தை ஓடிவந்தது. எப்படிக் கையை உதறிக்கொண்டு வந்தது, யார் கால்களுக்கு இடையில் நுழைந்தது, யாரும் பார்க்கவில்லை. வந்து அம்மாவின் ஈரச் சேலையை முழங்கால் பக்கம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, சுடும்மா" என்றது.

கற்பூரம் அணைந்தது. புகை அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது, மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். பிரதிவாதியான மூத்தவர் குழந்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்திலும் பயம் இருந்தது, அதை நான் சொல்லியாக வேண்டும்.

"குழந்தை தொட்டது கணக்கில் சேராது" என்று நான் உரக்கச் சொன்னேன். கோர்ட்டில் ஆட்சேபணைகளைத் தள்ளும் அதே குரலில். அம்மனுக்கே ரூலிங் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. குழந்தை மட்டும் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அம்மாவின் சேலையை விடாமலே, புருவத்தைச் சுருக்கி ஒரு முறை முறைத்தது.

திரும்பும்போது முஸ்லிம் வக்கீல் காரில் மெதுவாகச் சொன்னார்: "நம்ம டிக்ரி இன்னிக்கு ஆச்சு சார். அவங்க டிக்ரிக்கு இன்னும் ஒரு மண்டலம் இருக்கு." எனக்குப் புரியவில்லை. சத்தியம் செய்தவர் வீட்டில் ஒரு மண்டலத்துக்குள் கெட்டது எதுவும் நடக்காமலிருந்தால்தான் சத்தியம் நின்றதாக ஊரில் கணக்கு என்று விளக்கினார். எதிர்த்தரப்பு வக்கீல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் தீர்ப்பு எழுதினேன். சில வரிகள்தான். சத்தியம் எடுக்கப்பட்டது, ஆகவே வாதிக்குச் சாதகமாக டிக்ரி. வேப்பமரத்தடிப் பெரியவரை யாரும் கூப்பிடவே இல்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அன்றே பஸ் ஏறிப் போயிருந்தார்.

அந்தக் கோடையில் பாலக்கோட்டுக்கு மேற்கே பல ஊர்களில் அம்மை இறங்கியிருந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். மூத்தவர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகளுக்கு வார்த்தது, தழும்போடு பிழைத்துக்கொண்டார்கள். அவளுடைய மகள் பிழைக்கவில்லை. மண்டலம் முடியவில்லை இன்னும்.

அவளுடைய வக்கீல்தான் என் அறைக்கு வந்து சொன்னார். சொல்லிவிட்டு உட்காராமலே நின்றார். நான் பேனாவை மூடிவைத்தேன். அன்று மத்தியானம் எந்தச் சாட்சியையும் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை, ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி கேட்டாள்: "அந்தப் பொண்ணு பொய் சொல்லுச்சா?"

"தெரியாது."

"நீங்கதானே தீர்ப்பு எழுதினீங்க?"

"அந்தச் சட்டத்துல நான் தெரிஞ்சுக்க வேண்டியதில்லே."

"தெரிஞ்சுக்காமலே தீர்ப்பா?" என்றாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. நான் சட்டத்தை எடுத்து விளக்க ஆரம்பித்தேன். பாதியில் என் பேச்சு எனக்கே பிடிக்காமல் நிறுத்திவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில், வழக்குகளைக் கூப்பிட்டு முடிக்கும் நேரம், அவள் கோர்ட்டுக்குள் வந்து நின்றாள். தனியாக. கோர்ட் சேவகரான டவாலி தடுக்கப் போனார், நான் விடச் சொன்னேன்.

"என்னம்மா?"

"நான் சொன்னது நெசம்னு நீங்க எழுதித் தரணுங்க சாமி."

"உன் பக்கந்தானேம்மா தீர்ப்பாச்சு? தண்ணி விடலேன்னா வக்கீல்கிட்ட சொல்லி நிறைவேத்தற மனு போடச் சொல்லு."

"தண்ணி கெடக்குதுங்க. அந்தக் கெணத்துல எனக்குக் கவல பூட்ட மாடும் வராது, ஆளும் வராது. நான் அதக் கேக்க வரல. பொய்ச் சத்தியம் பண்ணி எம் புள்ளைய நானே கொன்னுட்டன்னு சொல்றாங்க. என் காதுபடச் சொல்றாங்க. இல்லன்னு நீங்க ஒரு வார்த்த எழுதுங்க. நீங்க எழுதினா கேப்பாங்க."

பாகம் பிரித்துவைத்த பெரியவரைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம். "ஆத்தாளே சொன்னதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்றது தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம்.

என் தீர்ப்பில் நான் அவளை நம்பினேன் என்றோ நம்பவில்லை என்றோ ஒரு சொல்லும் இல்லை. இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். எழுதி முடித்த வழக்கில் புதிதாக ஒரு வரி சேர்க்க எனக்கு அதிகாரமும் இல்லை. அதை எவ்வளவு எளிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிமையாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

பிறகு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "எனக்கே இப்பச் சந்தேகமா வருதுங்க சாமி. அன்னிக்கு அவங்க வாசல்ல பேசினாங்க, நான் உள்ளாற அடுப்புக்கிட்ட இருந்தேன். சரிபாதின்னு காதுல வுழுந்துச்சு. இப்ப நெனச்சுப் பாத்தா, வுழுந்துச்சா, நானா நெனச்சுக்கிட்டனான்னு இருக்குது. நெசமா இருந்தா எம் புள்ள ஏன் போவுது?"

கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னேன். பெஞ்ச் கிளார்க் எழுந்து நின்றபோது அவருடைய மேஜைக்கு அடியில் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை.

அன்றிலிருந்துதான் என் கண் கீழே போக ஆரம்பித்தது. மாற்றலாகிப் பல ஊர் போனேன். எங்கே போனாலும், சாட்சி வாயைத் திறந்து 'கடவுள் அறிய' என்று ஆரம்பித்ததும் எனக்கு ஈரச் சேலையின் வாடையும் கற்பூரப் புகையும் வரும். சில நாள் 'சுடும்மா' என்பது அவ்வளவு தெளிவாகக் கேட்கும், சாட்சியின் முதல் வாக்கியம் எனக்கு விழாது. திரும்பச் சொல்லச் சொல்வேன். ஐயாவுக்குக் காது மந்தம் என்று ஓர் ஊரில் பேசிக்கொண்டார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் புதுச் சட்டம் வந்தது. புத்தகம் கைக்கு வந்ததும் அந்தப் பழைய பிரிவைத் தேடினேன். எடுத்துவிட்டிருந்தார்கள். இனி எந்த முன்சீப்பும் கோயிலில் வழக்கை முடிக்க முடியாது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. இன்னும் கொஞ்ச வருஷம் முன்னால் எடுத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

எழுபதுகளின் நடுவில் என்னை மறுபடி தர்மபுரிக்கே போட்டார்கள், இந்த முறை சப்-ஜட்ஜாக. சில செஷன்ஸ் வழக்குகளும் என்னிடம் வரும். ஊர் மாறியிருந்தது. கவலை போய்ப் பம்ப் செட் வந்திருந்தது, பஸ் மேல் தக்காளிக் கூடைகள் ஏறின. தனி ஜில்லா ஆகிப் புதுப் புது ஆபீஸ்கள் வந்திருந்தன.

ஒரு கொலை முயற்சி வழக்கு வந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூத்தவர். தலை நரைத்து, தோள் இறங்கியிருந்தது. அவர் கிணற்று மேட்டில் பக்கத்து நிலத்துக்காரரோடு மோட்டார் தண்ணீருக்காக வாக்குவாதம் நடந்திருக்கிறது. மூத்தவர் கடப்பாரையால் அவர் தலையில் அடித்தார் என்பது அரசுத் தரப்பு. அடிபட்டவர் பிழைத்துவந்து அப்படியே சாட்சி சொன்னார். இல்லை, ஈரக் கல்லில் வழுக்கித் தொட்டிச் சுவரில் அடிபட்டார் என்பது மூத்தவர் தரப்பு. முன்பு ஒரு சிவில் வழக்கில் இவரை எனக்குத் தெரியும் என்று இரு தரப்பு வக்கீல்களிடமும் சொன்னேன். ஆட்சேபணை இல்லை என்றார்கள்.

மூத்தவர் தரப்புக்கு ஒரே ஒரு சாட்சி. பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்து நடந்ததைக் கண்ணால் பார்த்தவள். டவாலி கூப்பிட்டார், கிணற்று வழக்கின் அந்தப் பெண்தான் வந்து ஏறினாள்.

எலும்பும் தோலுமாக இருந்தாள். என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. பெஞ்ச் கிளார்க் பிரமாணத்தைச் சொல்லிக்கொடுத்தார். நான் அப்போதும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாமி பேர்ல சத்தியம் பண்ண மாட்டனுங்க" என்றாள். "ஒருக்கா பண்ணினது போதும்."

சாமி பெயர் இல்லாமல் உறுதிமொழி சொல்லப் புதுச் சட்டத்திலும் வழி உண்டு. அப்படிச் சொல்லச் சொன்னேன். "பாத்ததச் சொல்றேன். அவ்வளவுதானுங்க" என்றாள். அதையே உறுதிமொழி என்று எழுதிக்கொண்டேன்.

சொன்னாள். பக்கத்து நிலத்துக்காரர் கத்திக்கொண்டே மோட்டாரை நிறுத்தப் போனார், தொட்டி ஓரம் வழுக்கினார், விழுந்தார். கடப்பாரை வரப்பில் கிடந்தது. மூத்தவர் அதைத் தொடவில்லை. தன் வாழ்க்கையை வறளவிட்ட மனிதனுக்காக அவள் ஏன் வந்து நிற்கிறாள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் அதற்கு ஒரு விளக்கமும் இல்லை. பார்த்ததைச் சொல்ல வந்திருந்தாள்.

அரசு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "பல வருஷத்துக்கு முன்னால அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணினது நீங்கதானே? அதனாலதானே உங்க குழந்தை இறந்துபோச்சு?"

அந்தக் கேள்வியை அனுமதிக்க முடியாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் எதிர்க் கூண்டிலிருந்து மூத்தவர் கத்தினார். கைகூப்பியிருந்தார்.

"அவ பொய் சொல்ற பொம்பள இல்லீங்க சாமி! அன்னிக்கும் சொல்லல. சரிபாதின்னுதான் பேசினோம். எனக்குத் தெரியுமுங்க."

அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நான் மூத்தவரை அதட்டி அடக்கினேன். என்னிடம் இருந்தது அதட்டல் ஒன்றுதான்.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவரை விடுதலை செய்தேன். தீர்ப்பில், இந்தச் சாட்சியை நான் முழுமையாக நம்புகிறேன் என்று எழுதினேன். எத்தனையோ தீர்ப்புகளில் எழுதிய வாக்கியம்தான், அன்று அதை எழுத வெகுநேரம் ஆயிற்று. விடுதலையாகி ஊருக்குப் போன மூத்தவர் அவள் நிலத்துக்குத் தானே வாய்க்கால் வெட்டித் தண்ணீர் திருப்பினாராம். அவள் மண்ணை அள்ளிப் போட்டு அடைத்துவிட்டாளாம். தொழிலை விட்டு வீட்டோடு இருந்த அவளுடைய பழைய வக்கீல் எனக்கு இதைச் சொன்னார். மானாவாரியில் ராகி விதைத்துக்கொண்டு, வந்தது போதும் என்று இருந்தாள் என்றார்.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தத் தீர்ப்பு இல்லை, தண்ணீரும் இல்லை. மூத்தவர் கத்தி முடித்த பிறகு வந்த அந்தக் கொஞ்ச நேரம்.

அவள் மூத்தவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் அவள் தன்னையே பொய்க்காரி என்று நம்பி ஓட்டியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொய் சொன்னேன், அதற்குப் பிள்ளை போயிற்று. எவ்வளவு கொடுமையான கணக்காக இருந்தாலும் அது ஒரு கணக்கு. அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்திருக்கிறாள். அதை இப்போது அவர் ஒரு வார்த்தையில் பிடுங்கிவிட்டார்.

என் பக்கம் திரும்பினாள். பழைய அந்தப் பெண்ணின் குரல் வந்தது, யார் அதட்டினாலும் அசையாத குரல்.

"அப்ப எம் புள்ள எதுக்குங்க சாமி செத்துச்சு?"

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரசு வக்கீல், வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். டவாலி கூண்டின் கதவைத் திறந்து, "எறங்கும்மா" என்றார். அவள் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் பதில் சொல்வேன் என்று நின்றுகொண்டிருந்தாள்.